உயிருக்குப் பால் உண்டோ?



சென்ற தசலட்சண பர்வத்தில், உத்தம மார்தவ நாளன்று, ஒரு சிற்றூர்ச் சினாலயத்தில் செருக்கின்மை குறித்துச் சில சொற்கள் பேசும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குலம், செல்வம், அழகு, கல்வி முதலியவற்றால் வரும் செருக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தோம். கூட்டம் கலைந்தபின் ஓர் அம்மையார் மண்டபத் தூணருகே தனித்து நின்றார். வந்த கேள்வியைக் கேட்பதா வேண்டாவா என்று தயங்கியவர் பின்னர்க் கேட்டேவிட்டார்.

"ஐயா, பத்தொன்பது ஆண்டு மகன் என்று வளர்த்த பிள்ளை, 'நான் உள்ளத்தால் பெண், அம்மா' என்று சொல்லி அழுகிறது. முற்பிறவிப் பாவம் என்று உறவினர் சொல்கிறார்கள். இது அந்தப் பிள்ளை செய்த பாவமா, நாங்கள் செய்த பாவமா? ஆலயத்துக்கு அழைத்து வரலாமா, கூடாதா?"

அன்று நாம் கூறிய மறுமொழி ஆறுதலாக இருந்ததேயன்றி நிறைவாக இல்லை. இல்லம் திரும்பிய பின்னும் அக்கேள்வி நம்மை விடவில்லை. இன்று உலகெங்கும் மருத்துவரும் நீதிமன்றங்களும் விளையாட்டு அமைப்புகளும் வாதிட்டுக்கொண்டிருக்கும் பொருள் இது. இதில் விஞ்ஞானம் கூறுவது எது, நம் ஆகமம் கூறுவது எது, ஓர் அகிம்சை நெறியினர் செய்யத்தக்கது எது என்பவற்றைச் சற்று ஆராய்வோம்.

முதலில் உடலைக் காண்போம். கருவுற்ற முதல் ஆறு வாரங்கள் வரை ஆண் கருவும் பெண் கருவும் பால் உறுப்பின் அமைப்பில் வேறுபடுவதில்லை. அதன்பின் ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய் என்னும் மரபணு செயற்படத் தொடங்கினால் விந்தகம் உருவாகிறது. அது சுரக்கும் ஹார்மோன்கள் உடலை ஆணுடலாக வளர்க்கின்றன. அம்மரபணு இல்லாதபோது பொதுவாகச் சூலகம் தோன்றிப் பெண்ணுடல் அமைகிறது. இம்மரபணுவை இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்குழு 1990இல் கண்டறிந்தது. அடுத்த ஆண்டே பெண் சுண்டெலிக் கரு ஒன்றில் அதனைச் செலுத்தி, அக்கரு ஆணாக வளர்வதையும் காட்டினர்.

பெரும்பாலோரிடம் குரோமோசோம், உட்சுரப்பி, ஹார்மோன், புறவுறுப்பு ஆகிய நான்கும் ஒன்றையே சுட்டும். சிலரிடம் அவ்வாறு சுட்டுவதில்லை. எக்ஸ், ஒய் குரோமோசோம்களும் விந்தகமும் இருந்தும், ஆண்மைச் சுரப்பை உடலின் உயிரணுக்கள் ஏற்காமையால் பெண்ணாகவே பிறந்து பெண்ணாகவே வளர்வோர் உளர். இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தும், சிறுநீரகத்தின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பியின் கோளாற்றால் ஆண்போன்ற புறவுறுப்போடு பிறக்கும் குழந்தைகளும் உள்ளன. இவர்களை இடைப்பாலினத்தவர் என்பர். உலகில் சூல்முட்டை, விந்தணு என்னும் இரண்டே வகை இனப்பெருக்க அணுக்கள் உள்ளன, மூன்றாவது இல்லை. ஆயினும் ஒரு தனி உடலில் அவ்விரண்டன் வழி எப்போதும் நேர்கோடாகச் செல்வதில்லை.

அந்த அம்மையாரின் பிள்ளையோ உடலில் எவ்வித மாறுபாடும் இல்லாதது. அதன் மாறுபாடு உள்ளத்தில். அதனைப் பற்றி விஞ்ஞானம் கற்ற பாடம் ஒன்று மிகுந்த துயரத்தின் விலையில் கிடைத்தது. கனடாவில் 1965இல் இரட்டையருள் ஒருவராகப் பிறந்த டேவிட் ரெய்மர், கைக்குழந்தையாக இருக்கையில் ஓர் அறுவையின்போது நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்தார். 'வளர்ப்பே பாலை நிறுவும்' என்று கருதிய ஜான் மணி என்ற உளவியலறிஞரின் அறிவுரைப்படி அவர் அறுவைக்கு உட்படுத்தப்பட்டுப் பெண்ணாக வளர்க்கப்பட்டார். நூல்களில் இது வெற்றி என்றே எழுதப்பட்டது. உண்மையில் அக்குழந்தை தன்னைப் பெண்ணாக ஒருநாளும் ஏற்கவில்லை. நடந்ததைப் பதின்பருவத்தில் அறிந்ததும் ஆணாக வாழத் தொடங்கினார். 1997இல் இந்த உண்மை மருத்துவ உலகுக்கு வெளிப்பட்டது. 2004இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தன்னை ஆண் என்றோ பெண் என்றோ அறியும் உள்ளுணர்வைப் பிறர் தம் விருப்பப்படி எழுதி நிரப்ப இயலாது என்பதை அவ்வாழ்க்கை காட்டிவிட்டது.

உடற்குறிக்கும் அவ்வுள்ளுணர்வுக்கும் இடையிலான ஒவ்வாமையை மனநோய்களின் வரிசையிலிருந்து உலக சுகாதார நிறுவனம் நீக்கியது. 2019இல் ஏற்கப்பட்ட அதன் நோய்ப்பட்டியல் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அது ஏன் தோன்றுகிறது என்பதை எந்தக் குருதிச் சோதனையாலும் காட்ட முடிவதில்லை.

இனி நம் ஆகமத்தைக் காண்போம். உடலின் உறுப்பமைப்பு நாமகருமத்தின் உதயத்தால் வருவது. அது திரவிய வேதம். உள்ளத்து விருப்பம் மோகனீய கருமத்தின் உதயத்தால் வருவது. அது பாவ வேதம். இங்கே வேதம் என்பது மறைநூலன்று, நுகரும் உணர்வு. நோகஷாயங்கள் ஒன்பதனுள் ஸ்திரீவேதம், புருஷவேதம், நபும்சகவேதம் என்னும் மூன்றும் அடங்கும். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தில் புருஷவேதத்தை வைக்கோல் தீக்கும், ஸ்திரீவேதத்தை எருவாட்டித் தீக்கும், நபும்சகவேதத்தைச் செங்கற்சூளைத் தீக்கும் ஒப்பிடுகிறார். திரவியமும் பாவமும் பெரும்பாலும் ஒத்திருக்கும், சிலரிடம் ஒவ்வாதிருக்கும் என்பதையும் அப்பேராசிரியரே கூறிச் செல்கிறார்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆகமம் கூறும் வேதம் முதன்மையாகக் காம விருப்பத்தைக் குறிப்பது. இன்று பாலின அடையாளம் என்று பேசப்படுவது ஒருவர் தம்மைத் தாம் எவ்வாறு உணர்கிறார் என்பது. இரண்டும் ஒன்றே என்று கூறிப் பெருமை கொள்ளுதல் தகாது. 'எல்லாம் எங்கள் நூலில் முன்பே உண்டு' என்பதும் ஒருவகைச் செருக்கே. ஆயினும் உடல் ஒன்றைக் காட்ட உள்ளம் வேறொன்றாய் நிற்றல் இயலும் என்பதை நம் ஆசிரியர்கள் மறுக்கவில்லை. அதற்குச் சொல்லும் வகுத்தனர் என்பது மட்டும் ஐயமற்றது.

தவளா உரை கண்ட வீரசேனர் இன்னும் நுண்ணிய செய்தி ஒன்றைக் கூறுகிறார். சினம் முதலிய கஷாயங்கள் சிறுபொழுதில் தோன்றி மாறுவன. வேதமோ அவ்வாறன்று, பிறப்பு முதல் இறப்பு வரை உதயத்தில் நிற்பது என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின் அடித்தோ, பட்டினியிட்டோ, திருமணம் முடித்துவைத்தோ ஒரு பிள்ளையின் உள்ளத்தை மாற்றிவிடலாம் என்று எண்ணுவோர் எந்த நூலை நம்பி அவ்வாறு எண்ணுகின்றனர்?

நம் தமிழிலும் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். ஆண்மை நீங்கிப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலாகவும், பெண்மை நீங்கி ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலாகவும் வழங்கலாம் என்று பெயரியலில் விதி வகுத்தார். அஃறிணை போல வழங்கும் வழக்கையும் உடன் குறித்தார். ஒருவரைப் பிறந்த உடல்கொண்டன்றி அவர் நாடும் தன்மைகொண்டு அழைத்தல் இலக்கணப் பிழையன்று என்று ஒரு சைன முனிவர் எழுதிவைத்ததை நாம் பள்ளியில் மனப்பாடம் செய்தோம், பொருளைத்தான் மறந்தோம்.

இன்றைய வாதங்களுக்கு வருவோம். உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பர் முதல் மகளிர் பிரிவில் ஓட விழைவோர்க்கு எஸ்.ஆர்.ஒய் மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியது. மகளிர்க்கு நேர்மையான போட்டி வேண்டும் என்பது அதன் வாதம். அம்மரபணுவைக் கண்டறிந்த குழுவினருள் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரோ, ஒரு மரபணுவைக் கொண்டு மட்டும் ஒருவரின் பாலைத் தீர்மானித்தல் தவறு என்று எதிர்த்தார். சிறார்க்குப் பருவத்தைத் தள்ளிவைக்கும் மருந்துகளைப் பற்றி இங்கிலாந்தில் 2024 ஏப்பிரலில் வெளியான காஸ் அறிக்கை, சான்றுகள் வலுவற்றவை, மிகுந்த நிதானம் வேண்டும் என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, 2018இல் தான் வெளியிட்ட ஆதரவு நிலையை 2023இல் உறுதி செய்தது.

அநேகாந்தம் பயின்ற நாம் இவற்றை எவ்வாறு கேட்பது? பால் இரண்டு என்பவர் இனப்பெருக்க அணுவை நோக்கிக் கூறுகிறார். அந்நோக்கில் அது மெய். பால் பல நிலைகளில் அமைகிறது என்பவர் தனியுடலின் வளர்ச்சியை நோக்கிக் கூறுகிறார். அந்நோக்கில் அதுவும் மெய். 'நான் பெண்' என்று கூறும் பிள்ளை தன் உள்ளுணர்வை நோக்கிக் கூறுகிறது. அதற்குச் சாட்சி அப்பிள்ளையேயன்றி வேறு எவரும் இல்லை. எல்லாரும் எல்லாவற்றிலும் சரி என்பது அநேகாந்தமன்று. ஒரு நயத்தின் மெய்யைக் கொண்டு மற்றொரு நயத்தின் வாயை அடைப்பதே ஏகாந்தம். ஓட்டப் பந்தயத்துக்கு வகுத்த விதியைத் தாயின் மடிக்கு விதியாக்குதல் அத்தகைய பிழை.

சோதனையும் சொல்லும் எவ்வாறு இம்சையாகும் என்பதை நம் மாநிலமே கண்டது. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராசன், பால் சோதனை முடிவைக் காரணமாகக் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டார். அவர் உடலின் செய்தி ஊரார் வாய்ப்பட்டது. மற்றொருபுறம், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்பிரலில் அளித்த தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளின் உடலில் பாலை நிறுவும் அறுவை செய்தலாகாது எனத் தடுத்தது. அவ்வாண்டே தமிழக அரசும், உயிருக்கு ஆபத்து நேரும் நிலைக்கு மட்டும் விலக்களித்து, அதற்கு ஆணை பிறப்பித்தது. பேச இயலாத உயிரின் மேல் நம் முடிவைக் கத்தியால் எழுதாதிருத்தல் அகிம்சையன்றி வேறென்ன?

இப்போது அந்த அம்மையாரின் முதற்கேள்வி. இது பாவமா?

அம்மையீர், நம் திகம்பர மரபின்படி காதி வினைகளின் பிரகிருதிகள் யாவும் பாவப் பிரகிருதிகளே. அவற்றுள் உம் பிள்ளையின் வேதம் மட்டும் அடங்கவில்லை. குறை கூறும் உறவினர் ஒவ்வொருவரின் வேதமும் அடங்கும். மீசை முறுக்கும் ஆடவனின் புருஷவேதமும் அதே பட்டியலில்தான் உள்ளது. மூன்றும் தீயே, வைக்கோலில் எரியும் தீ சூளையில் எரியும் தீயைப் பார்த்து 'நீ சுடுகிறாய்' என்று பழித்தல் எங்ஙனம் பொருந்தும்? உம் பிள்ளை எவர்க்கும் தீங்கு செய்யவில்லை. தன்னைப் பற்றி உண்மையுரைத்தது. அது உத்தம சத்தியத்தின் பாற்படும்.

இரண்டாவது கேள்வி, ஆலயத்துக்கு அழைத்து வரலாமா என்பது. பெண்ணுடலுக்கு அப்பிறவியிலேயே வீடுபேறு உண்டா என்பதில் நமக்கும் சுவேதாம்பரர்க்கும் நெடுங்கால வாதம் உண்டு. பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லிநாதரை அவர்கள் பெண்ணாகக் கூறுவர், நாம் ஆணாகக் கொள்வோம். துறவு பூணுதற்கும் நம் நூல்கள் எல்லைகள் வகுத்துள்ளன. அவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. ஆனால் அதே வாதத்தினூடே பூச்சியபாதர் சர்வார்த்தசித்தியில் கூறுவதைக் கேளுங்கள்: ஆணுடல் உடையார்க்கு உள்ளத்தின் வேதம் மூன்றனுள் எதுவாயினும் சித்தி உண்டு. வேதங்கள் ஒன்பதாம் குணத்தானத்தில் அறுகின்றன. அதுவரை ஏறிச் செல்லுதற்கு அவை தடையல்ல. உள்ளத்துப் பெண்மை சித்தசிலையின் வாயிலையே அடைக்கவில்லை என்று ஆச்சாரியர் கூறியிருக்க, நம் ஊர்ச் சினாலயத்தின் வாயிலை அடைக்க நாம் யார்?

மேலும் சீபுராணத்தை நினைமின். பார்சுவநாதர் தம் முற்பிறவியொன்றில் வச்சிரகோடன் என்னும் யானையாய் இருந்தபோது முனிவரிடம் அணுவிரதம் ஏற்றார். மகாவீரர் சிங்கமாய்ப் பிறந்திருந்தபோது சாரண முனிவரின் அறவுரை கேட்டுத் திருந்தினார். யானைக்கும் சிங்கத்துக்கும் திறந்த அறத்தின் கதவு, மனிதப் பிறவி எடுத்த ஒரு பிள்ளைக்கு மூடுமோ?

ஆகவே நம் குடும்பத்தினர் அனைவரையும் வேண்டுவன இவை. பிள்ளை மனம் திறந்து பேசினால் முதலில் முழுவதும் கேளுங்கள். ஏளனப் பெயர் சூட்டுதலும் வாயால் செய்யும் இம்சையே. 'கல்யாணம் ஆனால் சரியாகும்' என்று ஒருபோதும் மணம் முடிக்காதீர். அது உம் பிள்ளையோடு பிறர் பெற்ற பிள்ளையின் வாழ்வையும் எரிக்கும். மந்திரவாதியிடம் செல்லாது, கற்றறிந்த மருத்துவரிடம் செல்லுங்கள். மீளமுடியாத மருத்துவம் எதிலும் அவசரம் வேண்டாம், பிடிவாதமும் வேண்டாம். எக்காரணத்தாலும் வீட்டை விட்டு விரட்டாதீர். தாய்வீடு கைவிட்ட பிள்ளையைத் தெரு எவ்வாறு நடத்தும் என்பதை நாம் அறிவோம். அப்பழியில் விரட்டிய கைக்கும் பங்குண்டு.

உயிரின் இலக்கணம் உபயோகம், அதாவது அறிவும் காட்சியும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, குலமில்லை, பாலும் இல்லை. ஆண் என்பதும் பெண் என்பதும் இரண்டும் அல்லாமை என்பதும் வினை உடுத்திய ஆடைகள். நாள்தோறும் சித்தரை வணங்குகிறோமே, அவருக்கு எந்த ஆடையும் இல்லை. அவரை வணங்கிய கையால் ஓர் ஆடையைப் பழித்து மற்றோர் ஆடையைப் போற்றுதல் வணக்கத்தையே பொய்யாக்கும்.

வரும் நந்தீசுவர பர்வத்தில் அந்த அம்மையார் தம் பிள்ளையோடு ஆலயத்துக்கு வருவார் என நம்புகிறோம். அப்போது மண்டபத்தில் அமர்ந்திருப்போர் சற்று நகர்ந்து இருவர்க்கு இடம் தருவாராயின், அன்று நாம் பேசிய உத்தம மார்தவம் பயன் எய்தியதாகும்.

வளர்க நல்லறம்! வாழ்க பல்லுயிர்!