கூலி வாங்கினால் கொள்கை போய்விடுமா?

2019 ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த வேலூர் மக்களவைத் தேர்தல் இரண்டு நாளுக்கு முன் ரத்தானது. வருமான வரிச் சோதனையில் 11 கோடி ரூபாய்க்கு மேல் சிக்கியிருந்தது. வார்டு வாரியாகப் பிரித்து வைத்த கட்டுகள். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நிறுத்தப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. இப்படியொரு செய்திக்குப் பிறகு, தேர்தலில் காசு வாங்கி வேலை செய்கிறவர் எல்லாருமே கறைபட்டவர் என்று தோன்றிவிடும். அப்படித் தீர்ப்பளிப்பது அநியாயம்.

அதே தொகுதியிலுள்ள ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி ஷூ கம்பெனிகளின் தையல் பிரிவுகளில் பெரும்பாலும் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து காலையிலேயே பஸ் ஏறுகிறவர்கள். வாக்குப்பதிவு நாளுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சம்பளமில்லாமல்தான் கட்சி வேலை செய்ய வேண்டுமென்றால், அந்த வேலை வாடகை வருமானம் உள்ளவருக்கும் கடை முதலாளிக்கும்தான் வாய்க்கும். பாலாற்றுத் தண்ணீர் கெட்டதால் குடத்தோடு அலைந்த பெண் அதைப் பற்றி வாசல் வாசலாகப் பேச முடியாமல் போகும். தொண்டர் என்ற சொல்லுக்கு நாம் தரும் மரியாதையில் இந்த வசதிக்கும் பங்கிருக்கிறது.

பிரிட்டனில் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூலி கொடுத்து வாக்குச் சேகரிக்க ஆள் வைப்பது குற்றம். ஒருவரை நம்பவைக்கும் பேச்சு விலைக்கு வரக்கூடாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தடையை இங்கே கொண்டுவந்தால் கூலி நிற்காது. கணக்கிலிருந்து மட்டும் மறையும்.

உண்மையான சிக்கல் வேறு. இங்கே கூலி வாங்குகிறவரே வாக்காளராகவும் இருக்கிறார். பூத் சிலிப் கொடுக்கவும் கொடி கட்டவும் தரும் பணம் உழைப்புக்கான விலை. வேலை ஒன்றுமில்லாமல், வீட்டில் எத்தனை ஓட்டு என்று எண்ணித் தரும் பணம் லஞ்சம். அதற்குக் கூலி என்று பெயர் வைத்தாலும் லஞ்சம்தான். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டாலும் வேலை செய்தவருக்குரிய சம்பளம் கைக்கு வருமா? வரும் என்றால் அது கூலி. வராது என்றால், கொடுத்தவரே குற்றவாளி. வாங்கியவரின் வறுமையைக் காட்டி அவர் தப்பக்கூடாது.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு வேட்பாளரிடம் செலவுக் கணக்குக் கேட்கிறது. அந்த 2019 தேர்தலில் உச்சவரம்பு 70 லட்சம். வேலூரிலும் ஆம்பூரிலும் ஆள் அமர்த்தும் கட்சிகளின் வேட்பாளர்கள் ஒவ்வொருவர் சம்பளத்தையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். வாசலில் வந்து நிற்கிறவரிடம், சம்பளத்துக்கு வந்தீர்களா என்று வாக்காளர்களும் கேட்க வேண்டும்.