திரையில் ஓர் அணில்

2015ஆம் ஆண்டு வெளிவந்த 'அன்டில் டான்' என்னும் திகில் வீடியோ விளையாட்டு, கனடாவின் பேய் உலவும் பனிமலையொன்றில் நிகழ்வது. இளையோர் எண்மர் விடியும்வரை உயிர்பிழைக்க வேண்டும். ஆடுபவரின் முடிவுகளே அவர்தம் விதி. தொடக்கத்தில், குறிபார்த்துச் சுடும் பயிற்சியின்போது ஓர் அணில் எதிர்ப்படும். சுடலாம், விடலாம். சுட்டால், பறவையொன்று பாய்ந்து உடனிருக்கும் தோழியைக் காயப்படுத்தும்.

வினை ஒருவனுடையது, பயன் வேறொருத்திக்கு! நம் வினைக்கொள்கைக்கு இஃது ஒவ்வாது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. உயிரற்ற உருவத்தைச் சுடுவது கொலையாகுமா? அணில் இறக்கவில்லை, உண்மைதான். ஆனால் தற்காப்புக்கன்றி, கதையும் கட்டாயப்படுத்தாத நிலையில், "சுட்டால் என்ன?" என்று எழுந்த எண்ணம் மெய்யானதன்றோ? கை செய்யுமுன் கருத்தே இம்சையைத் தொடங்கிவிடுகிறது.

ஆகவே பேரப்பிள்ளைகளைக் கடிந்து விலக்காமல் அருகில் அமர்வோம். "அணிலை என்ன செய்தாய், கண்ணே?" என்று மட்டும் கேட்போம்.