குறிக்கு முன்னே நெறி

சினத்தால் நேர்ந்த கொலையையும் திட்டமிட்டுச் செய்த கொலையையும் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை. நொடிப்பொழுதில் அறிவிழந்து கை ஓங்கியவனைவிட, நாள் குறித்து, இடம் தேர்ந்து, கருவி தேடிக் காத்திருந்தவனையே நீதிமன்றம் கடுமையாகத் தண்டிக்கிறது. எண்ணிப் பார்க்கக் காலம் இருந்தும் மனம் மாறவில்லை என்பதே அவன் குற்றத்தின் கனம். இந்த அளவுகோலை வேட்டைக்கு வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தோன்றுகிறது. அங்கே திட்டமின்றிச் செல்பவனே கொடியவனாகிறான். திட்டமிட்டுச் செல்பவன் பொறுப்புடையவன் எனப் பாராட்டப்படுகிறான். ஓர் உயிரின் சாவை மாதக்கணக்கில் எண்ணித் திட்டமிடுவதில் அருளுக்கு இடம் உண்டா? ஓர் எடுத்துக்காட்டின் வழியே இவ்வினாவை ஆராய்வோம்.

அமெரிக்காவின் கிழக்கிலுள்ள பென்சில்வேனியாவில் வாழும் ஒருவர், ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் பயணம் செய்து, மேற்கே வயோமிங் மாநிலத்தில் முதன்முறையாக மான் வேட்டையாட விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் பழகியது மரங்கள் அடர்ந்த காடு. அங்கே மான் அருகில்தான் கண்ணில் படும். வயோமிங்கோ புல்லும் சேஜ் புதரும் பரந்து கிடக்கும் மேட்டுநிலம். மறைந்து நிற்க மரமில்லை. அந்நிலத்தில் வாழும் பிராங்ஹார்னை அமெரிக்கர் 'ஆண்டிலோப்' என்றே வழங்குவர். கவைத்த கொம்புடையதாதலின் நாம் அதனைக் கவைக்கொம்பு மான் எனலாம். ஆப்பிரிக்க, ஆசிய மறிமான்களின் குடும்பத்தை அது சேர்ந்ததன்று. தன் குடும்பத்தில் இன்று எஞ்சி நிற்கும் ஒரே இனம் அது.

மணிக்கு 85 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடவல்லது அந்த மான். இன்று அமெரிக்க மண்ணில் அதனை ஓடித் துரத்திப் பிடிக்கும் விலங்கு எதுவும் இல்லை. பனியுகத்தின் இறுதியில் அழிந்துபோன சிறுத்தை போன்ற விலங்குகளிடமிருந்து தப்புவதற்காகவே இவ்வேகம் வாய்த்திருக்க வேண்டும் என்பது ஜான் பையர்ஸ் என்னும் விலங்கியல் அறிஞரின் கருத்து. ஆயினும், துப்பாக்கிக் குண்டுக்கு முன் அவ்வேகத்திற்குப் பயனில்லை. கால்களால் தப்ப இயலாத ஒன்றிலிருந்து அம்மானைக் காக்கக் கூடியது, வேட்டையாடுவோனின் தன்னடக்கம் ஒன்றே.

அத்தன்னடக்கம் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. வெள்ளையர் குடியேற்றத்திற்கு முன் இம்மான்கள் கோடிக்கணக்கில் வாழ்ந்தன என மதிப்பிடப்படுகிறது. சந்தைக்காக நடந்த கட்டுப்பாடற்ற வேட்டையாலும், மேய்ச்சல் நிலங்கள் வேலிகளுக்குள் அடைபட்டதாலும், 1920களின் தொடக்கத்தில் அவற்றின் தொகை ஏறத்தாழ முப்பதாயிரமாகச் சுருங்கியது. அழிவைக் கண்டு கலங்கியவர்களுள் வேட்டைக்காரர்களும் இருந்தனர். தியோடர் ரூசவெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் 1887இல் நிறுவிய பூன் அண்டு கிராக்கெட் கழகம், விலங்கிற்குத் தப்பும் வாய்ப்பளிக்கும் நேர்மையான வேட்டை என்னும் கொள்கையைப் பரப்பியது. 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீதான வரிப்பணத்தைக் காட்டுயிர் மீட்புக்கென ஒதுக்கியது. இன்று இம்மான்கள் மீண்டும் பல இலட்சங்களாகப் பெருகியுள்ளன.

இதனைக் காட்டி, "எங்கள் பணமே இந்த இனத்தை வாழ வைத்தது" என வேட்டைக்காரர் வாதிடுவர். அதில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு விடையாகாது. இனம் வலியை உணர்வதில்லை. வலியை உணர்வது தனி உயிர். பல இலட்சம் மான்கள் வாழ்கின்றன என்பது, குண்டடிபட்டு வீழும் ஒரு மானுக்கு ஆறுதலாகுமா? இனத்திற்குச் செய்த நன்மையைக் கொண்டு தனி உயிருக்குச் செய்த தீங்கைக் கழித்துவிட முடியாது.

அவ்வாறெனில் வேட்டையாடுவோன் மட்டுமே குற்றவாளியா? சந்தையில் இறைச்சி வாங்குவோனும் கொலைக்குக் காரணமாகிறான் என்பதைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியுள்ளார். புலால் உண்ணாதவர் வேட்டையைக் கண்டித்தால் அதற்கு மறுமொழி கூறுவது அரிது. உண்போர் கண்டித்தால், தம் உணவுக்காக நிகழும் சாவைத் தாம் காணாததைத் தவிர வேறு சிறப்பு அவர்க்கு என்ன என்று கேட்கலாம். காணாமை அருளாகாது. எனவே, உண்பதற்காகக் கொல்வோன் கொலையை எவ்வாறு எதிர்கொள்கிறான் என்பதே நம் ஆய்வுக்குரியது.

அப்பயணியின் திட்டத்திற்கு வருவோம். முதலில் அவர் உரிமத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தனை மான்களை வேட்டையாடலாம் என ஒவ்வொரு பகுதிக்கும் அரசு வரம்பு விதிக்கிறது. விரும்புவோர் மிகுந்த இடத்தில் குலுக்கல் நடத்துகிறது. குலுக்கலில் பெயர் வராவிட்டால் அவ்வாண்டு அவர் அங்கே செல்ல இயலாது. தனியார் நிலத்தில் நுழைய உடைமையாளரின் இசைவு வேண்டும். பிறகு கோடை முழுவதும் பயிற்சி. மேசைமீது துப்பாக்கியைச் சாய்த்துச் சுடுவது எளிது. மண்டியிட்டும், கிடந்தும், காற்று வீசும்போதும் சுட்டுப் பார்த்தால்தான் தன் திறமையின் எல்லை தெரியும். இருநூறு மீட்டருக்குள் தவறாமல் நெஞ்சில் குறிவைக்க முடியும். அதற்கு அப்பால் முடியாது என்று கண்டால், அதுவே அவர் தமக்கு வரைந்துகொள்ள வேண்டிய கோடு. மானின் கால் முறிந்தாலும் அது கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு ஓடிவிடும். பிழைத்த குறியின் விலையை அது நாட்கணக்கில் வலியாகச் செலுத்தும்.

இறைச்சியைப் பற்றியும் முன்பே எண்ண வேண்டும். வேட்டைக்காலத் தொடக்கத்தில் அந்நிலத்தில் வெயில் தணிந்திருக்காது. உடனே தோலுரித்துக் குளிரூட்டாவிட்டால் இறைச்சி கெடும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றம். ஆகவே துப்பாக்கியை எடுத்து வைக்கும்போதே பனிக்கட்டிப் பெட்டியையும் எடுத்து வைக்கிறார். உணவுக்கென்று எடுத்த உயிரைக் குப்பைக்குக் கொடுப்பது இரண்டாம் கொலையாகும்.

இவையெல்லாம் வெறும் பயணக் குறிப்புகள் போலத் தோன்றலாம். இவற்றின் பொருள் விளங்குவது பயணத்தின் கடைசி நாளில்தான். விடுப்பு முடிகிறது. பணம் செலவாகிவிட்டது. மாலை வெயில் சாய்கிறது. நானூறு மீட்டர் தொலைவில் ஒரு கிடா நிற்கிறது. 'ஒருமுறை முயன்று பார்' என்று ஆசை தூண்டுகிறது. தடுப்பார் எவரும் இல்லை. வேட்டைக்காரனுக்குப் பார்வையாளர் கூட்டம் இல்லை. அவன் நடத்தைக்கு அவன் மனச்சான்றே நடுவர் என்பதை, தாமும் வேட்டையாடியவரான ஆல்டோ லியோபோல்ட் எடுத்துரைத்தார். ஆயினும் மூச்சிரைக்க, நெஞ்சு படபடக்க நிற்கும் அந்நேரத்தில் புதிதாக அறம் ஆராய முடியுமா? முடியாது. அமைதியான ஒரு நாளில், வீட்டில், தனக்குத்தானே வரைந்த கோடு மட்டுமே அப்போது கைகொடுக்கும். முன்பே முடிவு செய்யாதவன் அங்கே ஆசையின் கையில் அகப்படுவான்.

ஆதலால் திட்டத்தின் தரத்தை அறிய ஒரே வினா போதும்: வெறுங்கையோடு திரும்புவதற்கு அதில் இடம் உண்டா? செலவழித்த பணத்திற்கு ஒரு மான் கட்டாயம் கிடைத்தாக வேண்டும் என்று கருதுபவன், மானின் உயிரைத் தன் செலவுக் கணக்கில் முன்பே வரவு வைத்துவிட்டான். வெறுங்கையும் இப்பயணத்தின் முறையான முடிவுதான் என உளமாரக் கொண்டவனே துப்பாக்கியைத் தாழ்த்த வல்லவன். 2022-23ஆம் ஆண்டின் கடுங்குளிரில் மேற்கு வயோமிங்கில் மான்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அரசு உரிமங்களைக் குறைத்தது. பல ஆண்டுகள் காத்திருந்தோர்க்கு அது ஏமாற்றமே. ஆனால் தம் விருப்பத்தைவிட அம்மந்தையின் வாழ்வு பெரிது என்பதை ஏற்பதும் வேட்டையறத்தின் ஒரு பகுதியே.

தொடக்கத்தில் கண்ட முரண் இப்போது தெளிகிறது. கொலைஞனும் திட்டமிடுகிறான், நெறியறிந்த வேட்டைக்காரனும் திட்டமிடுகிறான். முன்னவன் தன் இரை தப்பும் வழிகளை அடைக்கிறான். பின்னவன் தன் ஆசை தப்பியோடும் வழிகளை அடைக்கிறான். முன்னவன் திட்டம் பிறர்க்கு விரித்த வலை. பின்னவன் திட்டம் தன் கைக்குத் தானே இட்ட கட்டு.

எனினும் அக்கட்டு கொலையின் கறையை முற்றும் கழுவிவிடும் என்று கூறுவது பொய். எத்துணை நேர்மையாக வீழ்த்தினும், வீழ்ந்த மான் வாழவே விரும்பியது. அக்கடனைத் தீர்க்க வழியில்லை. மறவாதிருக்க மட்டுமே முடியும். இவ்வளவும் எண்ணிய பின் ஒருவர் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டிலேயே தங்கிவிடவும் கூடும். அவர் திட்டம் வீணாயிற்று என்று சொல்வதற்கில்லை. எண்ணிப் பார்க்கக் காலம் கிடைத்தபோது அவர் எண்ணிப் பார்த்தார்.