காற்று அறியாத கரை

கடற்கரையில் நின்று அலைகளை நோக்குவோர்க்குத் தொலைவிலுள்ள நீரே கரையை நாடி ஓடி வருவதாகத் தோன்றும். அது கண்ணின் மயக்கம். ஆழ்கடலில் மிதக்கும் ஒரு கட்டையைக் கவனித்தால் உண்மை விளங்கும். அலை வரும்போது கட்டை எழுந்து சற்றே முன்செல்கிறது. அலை கடந்ததும் தாழ்ந்து, ஏறத்தாழப் பழைய இடத்திற்கே மீள்கிறது. நீர்த்துளிகளும் அவ்வாறே நின்ற இடத்தில் வட்டமிடுகின்றன. நீரோட்டம் நீரையே சுமந்து செல்கிறது. அலையோ அசைவை மட்டும் சுமந்து செல்கிறது.

அந்த அசைவைத் தருவது காற்று. காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றுமே அலையின் வலிமையை முடிவு செய்கின்றன. ஆனால் காற்று ஓய்ந்ததும் அலை ஓய்ந்துவிடுவதில்லை. 1963-இல் வால்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகளைப் பசிபிக் பெருங்கடல் நெடுகப் பின்தொடர்ந்தனர். புயற்பகுதியைக் கடந்த நெடிய அலைகள் வழியில் மிகச் சிறிதளவு ஆற்றலையே இழக்கின்றன என்று கண்டனர்.

நம் கடலிலும் இது நிகழ்கிறது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயற்காற்று எழுப்பிய அலைகள், சில நாட்களுக்குப்பின் கேரளத்தையும் கன்னியாகுமரியையும் வந்தடைகின்றன. அங்கே வானம் தெளிந்திருக்கும், காற்றும் அடங்கியிருக்கும். ஆழம் குறைந்த நீரை அடைந்ததும் அலையின் வேகம் தளர்கிறது, உயரமோ வளர்கிறது. திடீரெனக் கடல் கரையேறுகிறது. கேரள மீனவர் இதனைக் 'கள்ளக்கடல்' என்பர். 2024 மே 6 அன்று, இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த வேளையில், கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவரை அலை வாரிச் சென்றது.

காற்றுக்கு அந்தக் கரை தெரியாது. ஆகவே காற்றின்மீது குற்றமில்லை. ஆனால் மனிதனுக்கு?

ஒருவர் சினத்தில் ஓர் இளம்பெண்ணின் நடத்தையைக் குறித்து ஒரு சொல் சொல்லிவிடுகிறார். அவர் சினம் அன்று மாலையே தணிந்துவிடுகிறது. சொல்லோ ஓயவில்லை. ஆண்டுகள் சில கழித்து, அவர் காணாத ஓர் ஊரில், உறுதியாகவிருந்த திருமணம் நின்றுபோகிறது. இடையில் எத்தனையோ வாய்கள்! ஒவ்வொருவரிடமும் ஒரே விடை உண்டு: "நானாக ஒன்றும் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னேன்." துளியும் இதையே சொல்லும்: "நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லையே!" யாரும் நகரவில்லை, ஆயினும் ஒரு வீடு இடிந்தது.

துளி அசைவைக் கடத்தாதிருக்க இயலாது, மனிதனால் இயலும். இங்கேதான் பொறுப்புப் பிறக்கிறது. அலை எவ்வளவு பெரிதாயினும், அதன் நீளத்தில் பாதியளவு ஆழத்திற்குக் கீழே அசைவு ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. இருநூறு மீட்டர் நீள அலையை நூறு மீட்டர் ஆழத்து நீர் பெரும்பாலும் உணர்வதேயில்லை. ஆழமுள்ள மனமும் கேட்டதைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

முதலில் சொன்னவர் மனம் வருந்தினால் போதுமா? வருத்தம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் ஓய்ந்த காற்று தான் எழுப்பிய அலையைத் திரும்ப அழைக்க இயலாது. தன் உள்ளம் அமைதியடைந்ததைக் கொண்டு, எல்லாம் அடங்கிற்று என்று எண்ணுவது தவறு. கரையில் இருப்பவருக்குத் துன்பம் இனிமேல்தான் வரவிருக்கிறது.

எனினும் அலைக்கு முன்னே செய்தி செல்ல முடியும். ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம், அலை வந்தடையுமுன் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கிறது. அலையைத் தடுக்க அதனால் ஆகாது. மக்களை விலகி நிற்கச் செய்ய ஆகும். அவ்வாறே, "அன்று நான் சொன்னது பொய்" என்று, கேட்டவரைத் தேடிச் சென்று சொல்லலாம். அது நாணத்தைத் தரும் பயணம். அச்சொல் எல்லாரையும் எட்டாமலும் போகலாம். ஆயினும், கரை இருப்பதை அறிந்த பின்னும் அமைதியாக இருந்துவிட, நாம் காற்று அல்லவே.