காமதகனமும் திருக்கல்யாணமும்

சைவநன்மக்காள்! பெப்ரவரி 14ஆந் திகதியைக் காதலர் தினமெனக் கொண்டு நம் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலரும் பூவும் மடலும் வழங்குகின்றனர். அது வலண்டைன் என்னுங் கிறித்தவப் புனிதருக்குரிய நாள். 1969இல் உரோமைத் திருச்சபை தன் பொது நாட்காட்டியினின்றும் அதனை நீக்கிற்று. இளைஞரை வைதல் நங்கருத்தன்று. காதல் சைவத்துக்கு அயலதோ?

நம் ஆலயங்களிற் படித்துப் பயன்சொல்லப்படுங் கந்தபுராணத்தை நோக்குமின். யோகத்திருந்த பெருமான்மேற் கணைதொடுத்த காமனை நெற்றிக்கண் நீறாக்கிற்று. ஆயினும், உமையம்மையை மணந்தருளிய பின்னர்ப் பெருமான் இரதிக்கிரங்கி அவனை எழுப்பி, அவளுக்கு மாத்திரம் உருவுடையனாக அருளினார். எரிந்தது பிறரை அலைக்கும் வேட்கை. எஞ்சியது துணைவி ஒருத்திக்கே புலனாகும் அன்பென்க.

ஆதலின், நம் மைந்தரைக் கடியுமுன், பங்குனியுத்திரத் திருக்கல்யாணத்துக்கு உடன்கொண்டு சென்று இப்பொருளை உணர்த்துவோமாக. உணர்த்தாதிருந்து கடிதல் முறையாகுமோ?

திருச்சிற்றம்பலம்.