ஒரு கட்டிப் பொன்

கடை அடைத்து, கணக்கெழுதி முடித்த பின், சில வாரங்களாக நாம் 'செஜாரா மெலாயு' என்னும் நூலை வாசித்து வந்தோம். மதரஸாவில் ஓதிய எழுத்து ஜாவிக்குக் கைகொடுத்தது. முதலில் மனம் ஒப்பவில்லை, அதை ஒளிப்பானேன்? வயலில் நெல்மணி பொன்னாகிறதாம். கத்திமீன்கள் பாய்ந்து சிங்கப்பூர்க் கரையில் மனிதரைக் குத்துகின்றனவாம். நம் ஜொகூரிலுள்ள லேடாங் மலை இளவரசி, சுல்தானை மணக்க அவர் இரத்தமும் அவர் மகன் இரத்தமும் கிண்ணத்தில் கேட்கிறாளாம். இதை வாசிப்பது வீண்பொழுதல்லவா?

அந்த எண்ணத்தை மாற்றியது மணி புரிந்தான் வமிசத்தின் கதை. இவர் கடல் கடந்து நம் தேசத்திலிருந்து மலாக்கா வந்தவர். இவர் மகன் துன் அலி. பேரன் துன் முத்தாஹிர், பெண்டஹாரா, அதாவது முதன்மந்திரி. நம்மவர் இவ்வளவு உயர்ந்தாரே என்று நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்த நெஞ்சு அடுத்த சில பக்கங்களில் தாழ்ந்தது.

நைனா சூரதேவன், ராஜா முதலியார் என்ற இரு வணிகருக்குள் வழக்கு. இரவில் நைனா பத்துக் கட்டிப் பொன்னைப் பெண்டஹாராவிடம் கொடுக்கிறார், அவரும் வாங்கிக்கொள்கிறார். நைனாவின் உறவினன் கித்துல், முதலியாருக்கு ஒரு கட்டிப் பொன் கடன்பட்டவன். (கட்டி என்பது நம் கடைகளில் முன்பு நிறுத்த அதே எடைதான், ஏறக்குறைய 600 கிராம்.) அவன் இரவோடிரவாக ஓடி, "உம்மைக் கொல்லத்தான் அந்தப் பொன்" என்கிறான். முதலியார் அக்கணமே கடனைத் தள்ளிவிடுகிறார். பிறகு அச்சத்தில், பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று லக்சமணாவிடம் சொல்ல, அது சுல்தான் மஹ்மூத் காதுக்கு எட்டுகிறது. விசாரணையில்லை. 1510-ல் பெண்டஹாராவும் அவர் உறவினர் சிலரும் வெட்டுண்டனர். பொய் வெளிப்பட்டதும் முதலியாரும் கித்துலும் மாண்டனர். மறு ஆண்டு மலாக்கா போர்த்துகீசியர் கையில்.

கித்துல் பொய்யன்தான். ஆனால் பொன் கைமாறியது மெய். மெய்யோடு கலந்த பொய்யல்லவா விலைபோகிறது! அதை விசாரியாமல் வாங்கிய முதலியாரையே நாம் நெடுநேரம் எண்ணினோம். காரணம் உண்டு. நம் கல்லாவருகே ஒருவர் வந்து, பக்கத்துக்கடைக்காரர் நம் வாடிக்கையைக் கலைப்பதாகச் சொன்னார். நன்றியில் அவருடைய பழைய பாக்கியை நாம் கேட்கவே இல்லை. பக்கத்துக்கடைக்காரரோடு மூன்றாண்டு ஸலாம் இல்லை. பின்னர் விசாரித்ததில், விஷயம் ஒன்றுமில்லை.

1612-ல் இந்நூலை ஜொகூரில் தொகுத்தவர் என்று சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங் இதே வமிசத்தவர். தம் குலத்துப் பெரியவர் வாங்கிய பத்துக் கட்டியை அவர் மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நம் பேரேட்டில் அந்தத் தள்ளிய பாக்கி இன்னும் இருக்கிறது. ஏன் தள்ளினோம் என்று கணக்குப் பார்க்கும் மகன் கேட்டான். இன்னும் நாம் பதில் சொல்லவில்லை.