புரியாததைக் காத்தல்

அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கே நூலகத்தில், 408 என்னும் எண்ணிட்ட தோல்சுவடி ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. சுமார் 240 பக்கங்கள் கொண்டது. இனங்காண முடியாத செடிகள், விண்மீன் வட்டங்கள், நீராடும் பெண்கள் என ஓவியங்கள் பல அதில் உண்டு. அவற்றைச் சூழ்ந்து ஓடும் எழுத்தை மட்டும் இன்றுவரை எவராலும் படிக்க இயலவில்லை. 1912-ஆம் ஆண்டு இத்தாலியில் இயேசு சபையாரிடமிருந்து இதை விலைக்கு வாங்கிய புத்தக வணிகர் வில்ஃபிரிட் வாய்னிச்சின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. 2009-இல் அரிசோனா பல்கலைக்கழகம் நடத்திய கார்பன் சோதனை, அதன் தோல் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது எனக் காட்டியது.

இச்சுவடியின் பக்கங்கள் யாவும் மின்படிகளாக்கப்பட்டு, கணினி வழியே எவரும் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன. சுவடியைப் படிக்க முயன்று தோற்றவர்களின் கடிதங்களும் குறிப்பேடுகளும்கூட இவ்வாறே மின்படியாகி வருகின்றன. இங்கே ஒரு கேள்வி எழுகிறது. படிக்க முடியாத நூலைக் காப்பதையேனும் ஒப்புக்கொள்ளலாம். அதைப் படிக்க முடியாமற்போனவர்களின் தாள்களை ஏன் காக்க வேண்டும்? உலகில் உடனடித் தேவைகள் எத்தனையோ இருக்க, தோல்விகளின் பதிவேட்டுக்கு இத்தனை உழைப்பு தகுமா?

இதற்கு விடை தேடி 17-ஆம் நூற்றாண்டுக்குச் செல்வோம். பிராகா நகரில் வாழ்ந்த மருத்துவ அறிஞர் மார்சி, இச்சுவடியை உரோமையிலிருந்த இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்சருக்கு அனுப்பினார். உடன் வைத்த கடிதத்தில், தம் நண்பர் ஒருவர் வாழ்நாள் இறுதிவரை இந்நூலோடு போராடினார் என்று எழுதினார்; அவர் பெயரை எழுதவில்லை. பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் இதை 600 பொற்காசுகளுக்கு வாங்கினார் என்றும், இதன் ஆசிரியர் ரோஜர் பேக்கன் என்றும் பிறர் சொல்லக் கேட்டதைக் குறிப்பிட்டுவிட்டு, ஆசிரியர் யார் என்பதில் தாம் முடிவு கூறாமல் நிற்பதாகவும் எழுதினார். அக்கடிதம் இன்று யேலில் உள்ளது. பெயரற்ற அந்த நண்பர் யார்? உரோமைக் கிரகோரியன் பல்கலைக்கழகக் காப்பகத்தில், கிர்ச்சருக்கு வந்த ஏறத்தாழ 2000 கடிதங்களிடையே, கியோர்க் பாரெஷ் என்பவர் 1639-இல் எழுதிய கடிதம் உள்ளது. தம் நூலகத்தில் பயனின்றி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் ஒரு நூலைப் பற்றி அவர் அதில் உதவி கேட்கிறார். இரு கடிதங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அந்த மனிதருக்குப் பெயர் கிடைத்தது. இருவேறு கண்டங்களில் கிடக்கும் தாள்கள் ஒரே மேசையில் சந்திப்பதற்கு மின்படி வழி செய்கிறது. தோற்றவர் என்று ஒதுக்கியிருந்தால், பாரெஷ் பிறந்ததும் உழைத்ததும் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆனால் தோல்வியிலும் இரு வகை உண்டு. பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியர் நியூபோல்ட், 1921-இல் சுவடியைப் படித்துவிட்டதாக அறிவித்தார். ஒவ்வோர் எழுத்திலும் நுண்ணிய கோடுகள் மறைந்துள்ளன, அவையே உண்மையான செய்தி என்றார். அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1931-இல், மேன்லி என்னும் அறிஞர் அதை மறுத்தார். காய்ந்த மையில் விழுந்த வெடிப்புகளையே நியூபோல்ட் எழுத்துகளாகக் கண்டிருந்தார். அவர் பொய்யர் அல்லர், கற்றவர், நேர்மையானவர். காண விரும்பியதைக் கண்டார், அவ்வளவே.

மற்றொருவர் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த அருள்தந்தை தியோடர் பீட்டர்சன். காப்டிக் மொழி அறிஞர். ஒளிநகல்களை வைத்துக்கொண்டு, பொருள் விளங்காத அச்சுவடி முழுவதையும் தம் கையாலேயே படியெடுத்தார். எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று சொல்லடைவும் அமைத்தார். படித்துவிட்டதாக ஒருநாளும் பறைசாற்றவில்லை. 1966-இல் அவர் இறந்தபின் அத்தாள்கள், ஜப்பானியரின் சங்கேத முறையை உடைத்த குழுவின் தலைவரும் இச்சுவடியிடம் தோற்றவருமான வில்லியம் ஃபிரீட்மனைச் சேர்ந்தன. இன்று அவை வர்ஜீனியா மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் மார்ஷல் நூலகத்தில் உள்ளன. இப்படித் திறந்து வைக்கப்படும் தாள்களில் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடரலாம். ஒருவரின் பிழையை மற்றவர் திருத்தலாம்.

இது நூலகத்தாருக்கு மட்டும் உரிய பாடம் அன்று. பக்கவாதத்தால் பேச்சுக் குழறிப்போன மூதாட்டி ஒருவருக்கு மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கமாக இருந்தது. நம் கையைப் பற்றிக்கொண்டு அவர் ஏதோ சொல்வார், நாமும் தலையசைப்போம். அவருடைய மகள், தாய் எழுப்பும் ஒலிகளை நாளும் ஒரு நோட்டில் குறித்து வந்தார். என்றேனும் பொருள் விளங்கும் என்ற நம்பிக்கை அவருக்கு. ஒருநாள் அவர், "சாமி, அம்மா சொல்றது உங்களுக்குப் புரியுதா?" என்று கேட்டார். புரியவில்லை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. "செபிக்கச் சொல்கிறார், அம்மா" என்றோம். மகள் அதை நம்பினார், எழுதுவதை நிறுத்திவிட்டார். மூன்று மாதங்களில் மூதாட்டி இறைவனடி சேர்ந்தார். அந்த மூன்று மாதங்களில் அவர் சொன்னவற்றுக்குப் பதிவே இல்லை. ஆறுதல் என்று நாம் கொடுத்தது, மையின் வெடிப்பில் கண்ட எழுத்து.

புரியாத ஒன்றின்முன் நமக்கு இரு கடமைகள் உள்ளன. புரியவில்லை என்று ஒப்புக்கொள்வது ஒன்று; ஒப்புக்கொண்டபின்னும் அதைக் கைவிடாமல் காப்பது மற்றொன்று. முதலாவது இல்லாதவன் தன் குரலையே பிறர் குரலாகக் கேட்கிறான். இரண்டாவது இல்லாதவன் தனக்குப் புரியாததைப் பொருளற்றது என்று எறிந்துவிடுகிறான். பீட்டர்சன் அடிகளாரின் தாள்களில் இவ்விரண்டும் இருக்கின்றன. ஆகவே அவற்றை மின்படியாக்கும் உழைப்பு வீண் அன்று.

நாம் செய்த தவற்றை அந்த மகளிடம் பின்னர் ஒப்புக்கொண்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்துக் காட்டினார். பாதிக்குமேல் வெற்றுத்தாள்கள். அதை அவர் இன்னும் வைத்திருக்கிறார்.